புதன்கிழமை வாங்கிய பணம்

நுகர்வோர் மன்றத்தில் ஒருவர் திருப்பிக் கேட்கும் பணம் 10,500 ரூபாய் என்றால், எதிர்தரப்பு வக்கீலின் பீஸ் சில வாய்தாக்களிலேயே அதைத் தாண்டிவிடும். இப்படிப்பட்ட வழக்குகளில் விவரம் தெரிந்த எதிர்தரப்பு, முதல் வாய்தாவிலேயே பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். முடிக்கவில்லை என்றால் பணத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். பாய்மரப் படகுப் பந்தயம் நடத்தும் ஒரு கிளப்புக்காக நான் வக்காலத்து போட்ட வழக்கு அந்த ரகம்.

கிளப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நம் கிழக்குக் கரையில் பாய்மரக் கிளப்புகளே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. ஊரைச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரி. முறையீட்டாளரும் தனி மனிதர். மன்றத்தில் தாக்கலான ஆவணங்களிலும் உத்தரவிலும் இருப்பவற்றையும், கிளப் சம்மதித்த அளவுக்குச் சில பேச்சுகளையும் மட்டும் சொல்கிறேன்.

பந்தயம் மூன்று நாள். வெள்ளி, சனி, ஞாயிறு. காலம் அக்டோபர் கடைசி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் யார் பந்தயம் வைக்கச் சொன்னது என்று நானும் கேட்டேன். பள்ளி விடுமுறை, மற்ற ஊர்ப் பந்தயங்களின் தேதி, நடுவர்கள் கிடைக்கும் நாள் எல்லாம் பார்த்தால் அந்த வாரம்தான் அமைந்தது என்றார் செயலாளர். பந்தயம் திறந்த கடலில் அல்ல, முகத்துவாரத்துக்கு உள்ளே உப்பங்கழியில். அதனால் கடல் கொஞ்சம் கோபித்துக்கொண்டாலும் சமாளிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஆப்டிமிஸ்ட் என்று ஒரு படகு இருக்கிறது. நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, பார்வைக்குப் பாய் கட்டிய தொட்டி போல இருக்கும். 15 வயது வரையிலான பிள்ளைகள் ஒண்டியாக ஓட்டுவது. உலகத்தில் பாய்மரம் பழகுகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். முறையீட்டாளரின் மகனுக்கு அப்போது 12 வயது. வெளியூர். சொந்தப் படகைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் கிளப்பிடமே வாடகைக்குக் கேட்டிருந்தார் தந்தை. பதிவுக் கட்டணம் 3,000, தாமதக் கட்டணம் 1,500, படகு வாடகை 6,000. ஆக மொத்தம் 10,500.

பந்தய அறிவிப்பில் முன்கூட்டிப் பதிவு செய்ய ஒரு தேதி, தாமதமாகப் பதிவு செய்ய ஒரு தேதி இருந்தது. தாமதப் பதிவு, பந்தயத்துக்கு முந்தைய புதன்கிழமை மாலை ஆறு மணி வரை. கீழே ஒரு வரி: எந்தக் காரணத்துக்காகவும் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. இந்த வரி இல்லாத நுழைவுப் படிவத்தை நான் பார்த்ததில்லை. மாரத்தான் ஓட்டமானாலும் சரி, சதுரங்கப் போட்டியானாலும் சரி.

செவ்வாய் இரவு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாக வானிலை அறிக்கை வந்தது. வியாழன் முதல் சனி வரை மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்றும் அதில் இருந்தது. புதன் மதியம் தந்தை பணம் கட்டினார். ரசீது கைபேசிக்கு வந்தது. வியாழன் இரவு ரயிலேறினார்கள். வெள்ளி காலை பக்கத்துத் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு. கூண்டு என்றதும் பத்திரிகைகள் எல்லா எண்ணுக்கும் ஒரே மாதிரி பயமுறுத்தும். ஒன்றும் இரண்டும் தூரத்தில் இருக்கிற ஆபத்துக்கு, மூன்றிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கே. அன்று விடியலில் காற்று அடங்கியிருந்த இடைவெளியில் பெரியவர்கள் பிரிவுக்கு ஒரு பந்தயம் கழிக்குள்ளேயே ஓடி முடிந்தது. பிள்ளைகளின் படகுகள் இன்னும் கரையில். எட்டரை மணிக்குக் கமிட்டி படகின் காற்றுமானி 28 நாட் காட்டியது. மணிக்கு ஏறக்குறைய 52 கிலோமீட்டர். பந்தய அதிகாரி இரண்டு கொடிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஏற்றினார்: மேலே சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட ஒத்திவைப்புக் கொடி, அதன் கீழே ஏ கொடி. தொடங்காத பந்தயங்கள் தள்ளிவைக்கப்பட்டன, இன்றைக்கு இனி எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள். சனிக்கிழமையும் அதே கொடி. ஞாயிறு காலை மழைக்குள் பெரியவர்கள் பிரிவுக்கு மட்டும் கோப்பை கொடுத்தார்கள். ஒரு பந்தயம் முடிந்தாலே தொடர் செல்லும் என்று அறிவிப்பில் இருந்ததால், அவர்களுக்குத் தொடர் முடிந்துவிட்டது. அந்தப் பையன் தண்ணீரில் காலே வைக்கவில்லை.

தந்தை வங்கி அதிகாரி. வக்கீல் வைக்கவில்லை, தானே வாதாடினார். வக்கீல் இல்லாமல் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை கோபத்தை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு வரும். இன்னொரு வகை காகிதத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு வரும். இவர் இரண்டாவது. ரசீது, வானிலை அறிக்கையின் அச்சுப்படி, பந்தய அறிவிப்பு, ரயில் டிக்கெட், விடுதி பில். ஏ-1 முதல் ஏ-9 வரை வரிசையாக எண் போட்டுத் தாக்கல் செய்திருந்தார். கட்டிய பணம் 10,500, பயணச் செலவு, மனஉளைச்சலுக்கு ஒரு லட்சம் என்று கேட்டிருந்தார். அந்த ஒரு லட்சத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நுகர்வோர் முறையீட்டில் மனஉளைச்சலுக்கு ஒரு லட்சத்துக்குக் குறைவாகக் கேட்டால் உளைச்சலே இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம்.

பணத்தைக் கொடுத்துவிடலாமே என்று நான் முதலில் சொன்னபோது கிளப் செயலாளர் அரை மனதாகத் தலையாட்டினார். மறுத்தவர் பந்தய அதிகாரி. சரக்குக் கப்பலில் பல வருஷம் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் அவருக்குச் சம்பளம் கிடையாது. பெட்ரோல் காசு கூட வாங்குவதில்லை.

“வக்கீல் சார், நான் கொடி ஏத்தினா பணம் திருப்பித் தரணும்னு ஒரு உத்தரவு வந்துச்சுன்னா, அடுத்த தடவை நான் கொடியைக் கையில எடுக்கும்போது பொருளாளர் என் பக்கத்துல வந்து நிப்பார். ஒண்ணும் சொல்ல மாட்டார். சும்மா நிப்பார். அது போதும்.”

எனக்கு வழக்கு அப்போதுதான் புரிந்தது. பந்தயத்தைக் கைவிடும் முடிவுக்கு விலை வைத்துவிடக் கூடாது. பதிலுரையை அந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான் கட்டினேன்.

கட்டணம் எங்கே போகிறது என்பதையும் பதிலுரையில் சொல்ல வேண்டியிருந்தது. கட்டணம் வாங்கிக் கோப்பை கொடுப்பதுதான் பந்தயம் என்று வெளியிலிருந்து தோன்றும். மீட்புப் படகுகளுக்கு வாடகை, டீசல், ஓட்டுகிற மீனவர்களுக்குக் கூலி, மிதவைகள், நங்கூரக் கயிறு, வெளியூரிலிருந்து வரும் நடுவர்களின் பயணமும் தங்குமிடமும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, காப்பீடு. இதில் பெரும்பங்கு பந்தயம் தொடங்கும் முன்பே செலவாகிவிடும். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நடுவருக்கு வாங்கிய டிக்கெட் டிக்கெட்தான். அந்தப் பந்தயத்தில் கிளப்புக்கு நஷ்டமே. கணக்கைத் தாக்கல் செய்தேன், யாரும் மறுக்கவில்லை.

நுழைவுப் படிவம் ஒப்பந்தம்தானா என்ற கேள்விக்குச் சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் படித்த ஒரு வழக்கு கைகொடுத்தது. ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றின் கடல்வாயில் 1894 ஜூலையில் மட்ஹுக் யாட் கிளப் ஒரு பந்தயம் நடத்தியது. கிளார்க் என்பவரின் ‘சாட்டனிடா’ படகு, டன்ரேவன் பிரபுவின் ‘வால்கிரி’ மீது மோதி அதை மூழ்கடித்தது. அன்றைய கப்பல் சட்டப்படி சாட்டனிடா கொடுக்க வேண்டியது டன்னுக்கு 8 பவுண்டு வீதம் மட்டுமே. ஆனால் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தபோது, விதி மீறினால் முழு நஷ்டத்தையும் ஏற்பேன் என்ற விதிகளுக்கு இருவருமே கட்டுப்பட்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கிளப் செயலாளருக்குத்தான் எழுதினார்கள். இருந்தாலும் அவர்களுக்குள் ஒப்பந்தம் இருந்தது, முழு நஷ்டத்தையும் கட்டு என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்னது. 1897-ம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் கற்றவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். பாய்மரம் என்றால் என்னவென்று தெரியாமலேயே தெரியும். அதை எடுத்து வைத்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அதிலுள்ள விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்பதும் அதில் ஒரு விதி என்றேன்.

மன்றத் தலைவர் கேட்டார்: “பையன் மைனராச்சே. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாதுன்னு 1903-லேயே மோஹரி பீபீ வழக்குல சொல்லியாச்சே?” கையெழுத்து தந்தையுடையது, பணமும் தந்தையுடையது, மகன் பயனாளி என்றேன். தந்தை எழுந்து, “ஆமாங்க ஐயா, அதை நான் மறுக்கலை” என்றார். தலைவர் கொஞ்சம் ஏமாந்த மாதிரி பேனாவைக் கீழே வைத்தார்.

அடுத்து என் முக்கிய வாதம். 1979-ல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். 1998-ல் சிட்னியிலிருந்து ஹோபார்ட் பந்தயத்தில் 115 படகுகள் கிளம்பி 44 தான் முடித்தன. 6 பேர் இறந்தார்கள். இரண்டாவதை விசாரித்த நியூ சவுத் வேல்ஸ் மரண விசாரணை நீதிபதி ஜான் அபெர்நெத்தி, பந்தயத்தை நடத்திய கிளப் தன் பொறுப்பைக் கைவிட்டுவிட்டது என்று 2000-ம் ஆண்டில் சொன்னார். பாய்மரப் பந்தய விதிப்படி, இறங்குவதா, தொடர்வதா என்பது அந்தந்தப் படகின் பொறுப்பு மட்டுமே. அப்படியிருந்தும் நடத்துகிறவர்களை நீதிபதி விடவில்லை. எங்கள் கேப்டன் அந்தப் பாடத்தைத்தான் பின்பற்றினார், 12 வயதுப் பிள்ளைகளை 28 நாட் காற்றில் இறக்கவில்லை, அதற்காகக் கிளப்பைத் தண்டிக்கலாமா என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன் என்றுகூட நினைவு.

தலைவர் தந்தையைப் பார்த்தார்.

“ஐயா, பந்தயத்தை நிறுத்தினதுக்கு நான் அந்த கேப்டன் சாருக்கு நன்றி சொல்றேன். என் பிள்ளை வீட்டுக்கு முழுசா வந்தான். நிறுத்தினது தப்புன்னு என் முறையீட்டுல ஒரு வரி கிடையாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி இவங்களுக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானம் என்கிட்ட ஏன் பணம் வாங்கினாங்க?”

இப்படி ஒரு கேள்வி வந்தால் எதிர்தரப்பு வக்கீல் செய்ய வேண்டியது, உட்காருவது. ஆனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தெரியும் என்பதற்குச் சான்று எங்கள் ஆவணத்திலேயே இருந்தது. பி-4, கமிட்டியின் செவ்வாய் இரவுக் கூட்டக் குறிப்பு. வானிலை அறிக்கை வாசிக்கப்பட்டது, மீட்புப் படகுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, வெள்ளி காலை நிலைமையைப் பார்த்து முடிவெடுப்பது என்று அதில் எழுதியிருந்தது. அதை நான் தெரிந்தேதான் தாக்கல் செய்தேன். அது இல்லாவிட்டால் கேப்டன் ஏதோ பதற்றத்தில் கொடி ஏற்றினார் என்றாகிவிடும். அவர் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தார் என்பதைக் காட்ட அந்தக் காகிதம் வேண்டும். அதே காகிதத்தில், தாமதப் பதிவைத் தொடர்வதா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. விவாதித்துத் தொடர்ந்தார்கள் என்றுகூட இல்லை. இணையதளத்தில் பணம் கட்டும் பக்கம் திறந்திருந்தது. மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் வானிலை பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம், அதுவும் இல்லை.

எச்சரிக்கை கடலுக்கு, எங்கள் பந்தயம் கழிக்குள், அதனால் நடக்க வாய்ப்பு இருந்தது என்றேன். அது பொய்யில்லை; பெரியவர்களுக்கு ஒன்று நடந்ததே. “அப்படின்னா அதைச் சொல்லிட்டு வாங்கியிருக்கலாமே” என்றார் பெண் உறுப்பினர் ஒருவர். அன்று அவர் பேசியது அது மட்டும்தான்.

சட்ட வாதமாக என்னிடம் மிச்சம் இருந்தது, 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன சத்யவிரத கோஷ் தீர்ப்பு. ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாமல் போனால் ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு. பணத்தைத் திருப்பித் தருவதற்கு 65-வது பிரிவு. ஆனால் இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தமே பேசியிருந்தால், 56-க்குப் போக வேண்டியதில்லை. 32-வது பிரிவின்படி ஒப்பந்தத்தில் உள்ளதே செல்லும். எங்கள் படிவம் பேசியிருக்கிறது என்றேன். தலைவர் குறித்துக்கொண்டார். எழுத்துபூர்வ வாதுரைக்கு ஒரு வாய்தா கொடுத்து உத்தரவுக்கு ஒத்திவைத்தார்.

உத்தரவு ஏழு பக்கம். பந்தயத்தைக் கைவிட்டதில் சேவைக் குறைபாடு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதைச் சும்மா சொல்லாமல், பாதுகாப்பு கருதி நடத்துபவர் எடுக்கும் முடிவைப் பணக் கணக்கோடு இணைத்துப் பார்க்க மன்றம் மறுக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். கேப்டனுக்கு அந்தப் பத்தியைக் கைபேசியில் வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு “அது போதும் சார்” என்றார். ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற விதியும் செல்லும் என்றார்கள், ஒரு வரம்போடு. பணம் கட்டியபின் வருகிற வானிலைக்குத்தான் அது பொருந்தும். நடத்துபவருக்கு ஏற்கெனவே தெரிந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் அதற்குப்பின் வாங்கிய பணத்துக்கு அந்த விதியைக் காட்ட முடியாது. ஆகவே தாமதக் கட்டணம், பதிவுக் கட்டணம், படகு வாடகை, மூன்றும் சேர்த்து 10,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பயணச் செலவு இல்லை. வானிலை அறிக்கை தந்தைக்கும் எட்டக்கூடியதுதான் என்றார்கள். மனஉளைச்சலுக்கும் இல்லை. வழக்குச் செலவு 2,000.

எனக்கு இந்த உத்தரவு சரியாகவே பட்டது, என் கட்சிக்காரருக்கு எதிராக இருந்தபோதும். நான் கேட்ட பாதுகாப்பு கேப்டனுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரே ஒரு மனக்குறை: படகு வாடகையைப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்துப் பார்த்தது. கொடி ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தப் படகு மூன்று நாளும் அந்தப் பையனுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு யாருக்கும் போகவில்லை. அதைத் தனியாக வாதாட இடமிருந்தது. ஆனால் 6,000 ரூபாய்க்காக மாநில ஆணையத்துக்குப் போவது கட்சிக்காரருக்குச் சொல்லக்கூடிய யோசனை அல்ல.

கமிட்டிக் கூட்டத்தில் மேல்முறையீடு வேண்டாம் என்றேன். பொருளாளர் வேண்டும் என்றார். இதைக் காட்டி மற்றவர்களும் வருவார்களே என்று கவலைப்பட்டார். மற்றவர்கள் யார் என்று பட்டியலைக் கேட்டேன். செவ்வாய் இரவுக்குப் பிறகு பணம் கட்டியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள், எல்லோரும் ஆப்டிமிஸ்ட் பிள்ளைகளின் பெற்றோர். வருவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள் என்று கேப்டன் சொன்னார். பொருளாளர் கூட்டிப் பார்த்தார். கேட்கும்போது இருந்த முகம் தொகையைப் பார்த்தபின் இல்லை. மேல்முறையீட்டுச் செலவைவிடக் குறைவாக வந்திருக்கும்.

இது 1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு வகை சேர்ந்திருக்கிறது. இன்றைக்கு அந்தத் தந்தை வந்தால் ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற வரியையே அந்த வகையில் தாக்கலாம். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய முறையீட்டை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்தில்தான் தொடங்க வேண்டும். 10,500 ரூபாய்க்காக வக்கீல் இல்லாத ஒருவர் அங்கே போவாரா என்பது வேறு விஷயம். சேவைக் குறைபாடு என்று பழைய வழியில் மாவட்டத்திலேயே கேட்பதுதான் அவருக்கு இப்போதும் சுலபம்.

மேல்முறையீட்டுக்கான 30 நாள் முடியும் முன்பே காசோலைகள் போய்விட்டன. அடுத்த ஆண்டுப் பந்தயத்தைக் கிளப் ஜனவரிக்கு மாற்றியது. அறிவிப்பில் நான் எழுதிக்கொடுத்த இரண்டு வரிகள் சேர்ந்தன: மீனவர்களுக்கான எச்சரிக்கை பந்தய நாட்களைத் தொடுமானால் அப்போதிலிருந்து பதிவு நிறுத்தப்படும், அதையும் மீறிக் கட்டப்பட்ட பணம், பந்தயம் நடக்காவிட்டால் முழுவதுமாகத் திருப்பித் தரப்படும்.